ஆங்கிலப் பாங்குத் துணைவினைகளில் எதிர்மறையும் இறந்தகாலமும்: தமிழ்வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில இலக்கணம் பயிலும் தமிழ் மாணவர்கள் துணைவினைகள் குறித்துத் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகள் சில உண்டு. 'மஸ்ட் நாட்', 'நீட் நாட்' இரண்டும் ஒன்றா? 'மே நாட்' என்பது தடையா, ஐயமா? 'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்' எங்கெங்கே வரும்? 'முடிந்தது' என்பதை 'குட்' எனலாமா? இவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினும், எதிர்மறையும் இறந்தகாலமும் துணைவினையின்மேல் விழுகின்றனவா, முதன்மை வினையின்மேல் விழுகின்றனவா என்ற ஒரே சிக்கலின் கிளைகள் என்று இக்கட்டுரை கருதுகிறது. எதிர்மறையில் தமிழ் பெரும்பாலும் தெளிவாக இருக்க, ஆங்கிலம் மயங்குகிறது. இறந்தகாலத்தில் நிலை தலைகீழாகிறது. இவ்வேறுபாட்டை அறிந்து கற்பித்தால் தாய்மொழி தடையாவதற்கு மாறாகத் துணையாகும்.

குறிச்சொற்கள்: துணைவினை, எதிர்மறை, கடப்பாடு, ஊகம், மொழி ஒப்பீடு, மொழிபெயர்ப்பு

முன்னுரை

ஒரு வினை நிகழ்ந்ததா இல்லையா என்பதைக் கூறாமல், அதன் கட்டாயம், இசைவு, இயலுமை, வாய்ப்பு ஆகியவற்றைக் கூறும் துணைவினைகள் இக்கட்டுரையில் பாங்குத் துணைவினைகள் எனப்படுகின்றன. ஆங்கிலத்தில் கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகியன இவ்வகையின. தமிழில் வேண்டும், கூடும், முடியும், மாட்டு, லாம் முதலியன இப்பணியைச் செய்கின்றன.

பள்ளிநிலை இலக்கண நூல்கள் இவற்றை ஓர் அட்டவணையாகக் கொடுப்பது வழக்கம். 'கேன்' என்றால் இயலுமை, 'மே' என்றால் இசைவு, 'மஸ்ட்' என்றால் கட்டாயம், 'ஷுட்' என்றால் அறிவுரை என்று ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் வகுக்கப்படும். உடன்பாட்டு நிகழ்காலத் தொடர்களில் இந்த அட்டவணை ஓரளவு கைகொடுக்கிறது. 'நாட்' சேர்ந்தவுடனோ, பேச்சு கடந்தகாலத்துக்குச் சென்றவுடனோ அது பயனற்றுப் போகிறது. 'நாளை நீங்கள் வர வேண்டியதில்லை' என்று சொல்ல விரும்பும் ஒருவர், வேண்டும் என்பது 'மஸ்ட்', இல்லை என்பது 'நாட்' என்று கூட்டி 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்கிறார். கேட்பவர் அதனை 'நாளை நீங்கள் வரவே கூடாது' என்று கொள்கிறார். சொல்லப்பட்டது விடுவிப்பு, சேர்ந்தது தடை. வகுப்பறையில் இது ஒரு மதிப்பெண் இழப்போடு முடியலாம். ஓர் அலுவலகக் கடிதத்திலோ மருத்துவர் தரும் குறிப்பிலோ இழப்பு பெரிது.

வடிவம் குறித்து

பொருள் சிக்கலுக்குச் செல்லுமுன் வடிவம் குறித்த கேள்வி ஒன்றைச் சுருக்கமாகக் காணலாம். 'ஹி கோஸ்' என்று படர்க்கை ஒருமையில் ஸகர ஒலி சேர, 'ஹி கேன்ஸ்' என்று ஏன் வருவதில்லை? விதிவிலக்கு என்று கூறி ஆசிரியர்கள் கடந்துவிடுவதுண்டு. உண்மையில் இதற்கு வரலாற்றுக் காரணம் உள்ளது. கேன், மே, ஷால் போன்றவற்றின் இன்றைய நிகழ்கால வடிவங்கள் பண்டைய செருமானிய மொழிநிலையில் இறந்தகால வடிவங்களாக இருந்தவை. அவ்விறந்தகாலப் படர்க்கை ஒருமைக்கு அந்த விகுதி இல்லை. பொருள் நிகழ்காலமாக மாறிய பின்னும் விகுதி வந்து சேரவில்லை. 'மஸ்ட்' இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அது பழைய ஆங்கிலத்தின் 'மோட்டன்' என்ற வினையின் இறந்தகால வடிவத்திலிருந்து வந்தது. இறந்தகால வடிவமே நிகழ்காலமாகிவிட்டதால் அதற்கென்று வேறோர் இறந்தகாலம் இல்லை. 'போக வேண்டியிருந்தது' என்பதற்கு 'ஹேட் டு' என்று வேறொரு வினையை நாட வேண்டியிருப்பது இதனால்தான்.

தமிழ் மாணவர்க்கு இது அயலான செய்தியன்று. வேண்டும், தகும், படும் ஆகியவற்றை ஐம்பால் மூவிடத்துக்கும் பொதுவான வினைகளாகக் கொள்வது தமிழ் இலக்கண மரபு. நான் வர வேண்டும், அவள் வர வேண்டும், அவை வர வேண்டும் என எங்கும் துணைவினை மாறுவதில்லை. இந்த ஒற்றுமை தற்செயலானதே. இரு மொழிகளும் வெவ்வேறு வழிகளில் இந்நிலையை அடைந்தவை. எனினும், கற்பிப்பதற்கு இதைவிடக் கிட்டிய சான்று இல்லை.

'டிட்' வரும்போது 'வென்ட்' வராமல் 'கோ' வருவது ஏன் என்ற கேள்வியும் இத்தகையதே. காலத்தைத் துணைவினை ஏற்றபின் முதன்மை வினை அதனை ஏற்பதில்லை. 'போகவில்லை' என்பதில் 'போக' என்பது காலம் காட்டாத செய என்னும் வாய்பாட்டு எச்சம். 'போனவில்லை' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் நினைவில் இருக்க வேண்டும். 'அவன் போகவில்லை' என்பது நேற்றுப் போகாததையும் இப்போது போகாததையும் குறிக்கும். தமிழ் சொல்லாமல் விட்ட காலத்தை ஆங்கிலத்தில் 'டிட்', 'டஸ்', 'இஸ்' ஆகியவற்றுள் ஒன்றாக மாணவரே தேர்ந்து இட வேண்டியுள்ளது.

எதிர்மறை விழும் இடம்

பாங்குத் துணைவினை உள்ள தொடரில் மறுக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, செயல். மற்றொன்று, அச்செயலைப் பற்றிய கட்டாயம் அல்லது இசைவு. 'வராமல் இருப்பது கட்டாயம்' என்பதும், 'வருவது கட்டாயம் அன்று' என்பதும் வெவ்வேறு. முன்னதில் செயல் மறுக்கப்படுகிறது. பின்னதில் கட்டாயம் மறுக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் 'நாட்' என்னும் சொல் இரு நிலையிலும் துணைவினையின் பின்னேயே நிற்கிறது. அது எதை மறுக்கிறது என்பதை அதன் இடம் காட்டாது. எந்தத் துணைவினையின் பின்னே நிற்கிறது என்பதே காட்டும்.

'மஸ்ட் நாட்' என்பதில் மறுக்கப்படுவது செயல். எனவே அது தடை. 'நீட் நாட்' என்பதில் மறுக்கப்படுவது கட்டாயம். எனவே அது விடுவிப்பு. 'கேன் நாட்' என்பதில் மறுக்கப்படுவது இயலுமை. இவற்றுக்கு இடையே தருக்க முறையான ஒழுங்கு எதுவும் இல்லை என்பதை மாணவருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய ஜெர்மன் மொழியில் 'மஸ்ட்' என்பதற்கு இணையான வினையோடு எதிர்மறை சேர்ந்தால் 'கட்டாயமில்லை' என்ற பொருளே கிடைக்கிறது. தமிழ் மாணவர் 'மஸ்ட் நாட்' என்று எழுதி 'வேண்டியதில்லை' என்று பொருள் கொள்வது அறிவுப் பிழையன்று. ஆங்கிலம் அவ்வழியில் செல்லவில்லை, அவ்வளவே.

'ஹேவ் டு' என்பதோ 'டூ' என்னும் துணைவினையோடு எதிர்மறையை ஏற்கிறது. 'டோண்ட் ஹேவ் டு' என்னும்போது எதிர்மறை 'ஹேவ்' என்பதற்கு முன்னரே நின்று கட்டாயத்தை மறுத்துவிடுகிறது. உடன்பாட்டில் ஏறத்தாழ ஒரே பொருள் தரும் 'மஸ்ட்', 'ஹேவ் டு' ஆகிய இரண்டும் எதிர்மறையில் எதிரெதிர்த் திசையில் பிரிவது இதனால்தான்.

இனித் தமிழை நோக்கலாம். 'வர வேண்டும்' என்பதன் எதிர்மறை மூன்று வகையாக அமைகிறது: வரக் கூடாது, வர வேண்டியதில்லை, வர வேண்டாம். முதலாவது ஐயமற்ற தடை. இரண்டாவது ஐயமற்ற விடுவிப்பு. ஆங்கிலம் 'மஸ்ட் நாட்', 'நீட் நாட்' என்று பிரிப்பதைத் தமிழ் 'கூடாது', 'வேண்டியதில்லை' என்று பிரிக்கிறது. 'மஸ்ட்' என்பதற்கு நேராக 'வேண்டும்' என்று மட்டும் எழுதிக்கொடுக்காமல், 'மஸ்ட் நாட்' என்பதற்கு நேராகக் 'கூடாது' என்று முழுத்தொடராகக் கொடுத்தால் பெரும்பாலான குழப்பம் எழுமுன்பே நீங்கும்.

மூன்றாவதாகிய 'வேண்டாம்' என்பதில்தான் சிக்கல் உள்ளது. 'நாளை வர வேண்டாம்' என்று ஓர் அதிகாரி கூறினால் அது தடையா, விடுவிப்பா? சொல்லும் குரலும் சூழலும் தீர்மானிக்கின்றன. அன்போடு சொன்னால் சிரமம் குறைப்பு. சினத்தோடு சொன்னால் வெளியேற்றம். தடையை நேராகச் சொல்லாமல் மென்மையாகச் சொல்லத் தமிழர் இதனை ஆள்வதால் இம்மயக்கம் பயனுள்ள மயக்கமும்கூட. ஆங்கிலத்தில் 'டோண்ட் கம்' என்பதா, 'யூ நீட் நாட் கம்' என்பதா என்று மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இங்கே தேர்வு இலக்கணத்தைச் சார்ந்ததன்று, சூழலறிவைச் சார்ந்தது.

'மே நாட்' என்பது வேறு வகையான மயக்கம். 'ஸ்டூடண்ட்ஸ் மே நாட் என்டர்' என்றால் மாணவர் நுழைய இசைவில்லை, மறுக்கப்படுவது இசைவு. 'இட் மே நாட் ரெய்ன்' என்றால் மழை பெய்யாமலும் போகலாம். மறுக்கப்படுவது பெய்தல், வாய்ப்பு மறுக்கப்படவில்லை. வடிவம் ஒன்று, பொருள் இரண்டு. தமிழில் இந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. 'வரலாம்' என்பது உடன்பாட்டில் இசைவு, வாய்ப்பு இரண்டையும் தருகிறது. 'லாம்' என்பது தொழிற்பெயர் ஈற்றோடு 'ஆம்' சேர்ந்து உருவான வடிவம்; அதற்கென்று தனி எதிர்மறை இல்லை. ஆகவே எதிர்மறை வேண்டும்போது மொழி இரு வழிகளில் பிரிகிறது. இசைவை மறுக்க 'வரக் கூடாது' என்று வேறு துணைவினையை நாடுகிறது. வாய்ப்பு நிற்க வருகையை மறுக்க 'வராமல் இருக்கலாம்', 'வராமல் போகலாம்' என்று எதிர்மறையை முதன்மை வினையில் ஏற்றுகிறது. மறுக்கப்படுவது எதுவோ அதன்மேலேயே எதிர்மறை உருபு அமர்கிறது.

'கூடும்' என்பதன் போக்கும் இங்கே கருதத்தக்கது. இன்றைய வழக்கில் 'வரக்கூடும்' என்பது வாய்ப்பைக் குறிக்கும். 'வரக்கூடாது' என்பதோ தடையைக் குறிக்கும். ஒரே வினையின் உடன்பாடும் எதிர்மறையும் இரு வேறு பொருட்களங்களில் போய் அமர்ந்துவிட்டன. 'கூடும்' என்பதை 'மே' என்று கற்ற மாணவர் 'கூடாது' என்பதை 'மே நாட்' என்று எழுதினால் இசைவுப் பொருளில் பொருந்தும். ஊகப் பொருளில் பொருந்தாது.

ஊகப் பொருள்

'அவர் வீட்டில் இருக்க வேண்டும்' என்ற தொடருக்கு இரு பொருள் உண்டு. வீட்டிலிருப்பது அவர் கடமை என்பது ஒன்று. விளக்கு எரிகிறது, ஆகவே வீட்டில் இருக்கிறார் என்று நினைக்கிறேன் என்பது மற்றொன்று. முன்னது கடப்பாடு, பின்னது ஊகம். எஃப். ஆர். பாமர் முதலிய மொழியியலாளர்கள் விரிவாக ஆராய்ந்த இப்பிரிவு 'மஸ்ட்' என்பதிலும் அப்படியே உள்ளது. 'ஹி மஸ்ட் பி அட் ஹோம்' என்பதும் இரு பொருள் தரும். தொடர்பற்ற இரு மொழிகள் கட்டாயச் சொல்லையே ஊகத்துக்கும் ஆள்வது வியப்பன்று. சான்றுகள் மனத்தை ஒரு முடிவுக்குக் கட்டாயப்படுத்துவதே உறுதியான ஊகம் என்று இதனை விளக்கலாம்.

ஒற்றுமை இதனோடு நிற்கவில்லை. உறுதியான ஊகத்தை மறுக்கும்போது ஆங்கிலம் பெரும்பாலும் 'மஸ்ட் நாட்' என்பதை விடுத்துக் 'கேண்ட்' என்பதற்குத் தாவுகிறது: 'ஹி காண்ட் பி அட் ஹோம்'. தமிழும் 'வேண்டும்' என்பதை விடுத்து 'முடியாது' என்பதற்குத் தாவுகிறது: 'அவர் வீட்டில் இருக்க முடியாது'. 'இருக்கக் கூடாது' என்றால் அது ஊகம் ஆகாது, தடையாகிவிடும். 'மஸ்ட்' என்பதன் எதிர்மறை எப்படிக் 'கேண்ட்' ஆகும் என்று கேட்கும் மாணவரிடம், அவருடைய தமிழே அதனைச் செய்கிறது என்று காட்டினால் போதும்.

இறந்தகாலத்தில் மயக்கம்

எதிர்மறையில் தெளிவாக நின்ற தமிழ், இறந்தகாலத்துக்கு வரும்போது மயங்குகிறது. 'அவர் போயிருக்க வேண்டும்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளலாம். 'செருப்பைக் காணவில்லை, அவர் போயிருக்க வேண்டும்' என்றால் ஊகம். 'அழைப்பு வந்தது, அவர் போயிருக்க வேண்டும்' என்றால் போகாததைப் பற்றிய குறை. ஆங்கிலம் முன்னதற்கு 'மஸ்ட் ஹேவ் கான்' என்றும் பின்னதற்கு 'ஷுட் ஹேவ் கான்' என்றும் பிரிக்கிறது. ஒரு தொடரில் போனார்; மற்றதில் போகவில்லை. நிகழ்ந்ததா இல்லையா என்ற அடிப்படைச் செய்தியே மாறுவதால், மொழிபெயர்ப்பில் நேரும் தவறுகளுள் இதனைக் கடுமையானதாகக் கொள்ளலாம்.

இம்மயக்கத்தைத் தீர்க்க எதிர்மறையே உதவுகிறது. மாணவர் தம் மனத்திலுள்ள பொருளைத் தமிழிலேயே எதிர்மறையாக்கிப் பார்க்கட்டும். 'போயிருக்க முடியாது' என்று வந்தால் அவர் கருதியது ஊகம். 'மஸ்ட் ஹேவ்' பொருந்தும். 'போயிருக்கக் கூடாது' என்று வந்தால் அவர் கருதியது குறைகூறல். 'ஷுட் ஹேவ்' பொருந்தும். ஆங்கில விதி எதையும் மனப்பாடம் செய்யாமலே இச்சோதனையைச் செய்துவிடலாம். 'ஷுட் ஹேவ்' என்பதற்கு எதிர்பார்ப்புப் பொருளும் உண்டு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'ரயில் இந்நேரம் வந்திருக்க வேண்டும்' என்று கால அட்டவணையை நம்பிச் சொல்லும்போது 'ஷுட் ஹேவ் அரைவ்ட்' என்பதே இயல்பு. வந்த ஒலி கேட்டுச் சொன்னால் 'மஸ்ட் ஹேவ் அரைவ்ட்' ஆகும்.

'போயிருக்கலாம்' என்பதிலும் இதே மயக்கம் உண்டு. ஒருவேளை போயிருப்பார் என்றும், போவதற்கு வாய்ப்பிருந்தும் போகவில்லை என்றும் இருபொருள்படும். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'மே ஹேவ் கான்' வரும். பின்னதற்குக் 'குட் ஹேவ் கான்' வரும். 'குட் ஹேவ்' சில சூழலில் முன்னதற்கும் வருவதால் ஆங்கிலமும் இங்கே முற்றிலும் தூய்மையாக இல்லை. எதிர்மறைச் சோதனை இங்கே பயன்படாது. 'போகாமல் இருந்திருக்கலாம்' என்பதும் அதே மயக்கத்தைச் சுமக்கிறது. வேறொரு வழி உண்டு. 'ஒருவேளை' என்ற சொல்லை முன்னே சேர்த்தால் ஊகப்பொருள் நிலைபெறும். ஏகாரத்தைச் சேர்த்துப் 'போயிருக்கலாமே' என்றால் தவறவிட்ட வாய்ப்பு நிலைபெறும். எந்தச் சேர்க்கை தம் கருத்தோடு ஒத்துவருகிறது என்று மாணவர் செவியாலேயே முடிவு செய்யலாம்.

'நீட் நாட் ஹேவ் கான்', 'டிட் நாட் நீட் டு கோ' ஆகியவற்றின் வேறுபாட்டைத் தமிழ் தெளிவாகவே காட்டுகிறது. 'போயிருக்க வேண்டியதில்லை' என்றால் போனது வீண். 'போக வேண்டி வரவில்லை' என்றால் போகும் தேவை எழவில்லை, பெரும்பாலும் போகவுமில்லை.

'குட்' என்பதுதான் தமிழரை மிகுதியாக ஏமாற்றுகிறது. 'முடியும்' என்பது 'கேன்' ஆனால் 'முடிந்தது' என்பது 'குட்' ஆக வேண்டும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் 'அவனால் பூட்டைத் திறக்க முடிந்தது' என்று தமிழில் சொன்னால் பூட்டு உண்மையில் திறந்துவிட்டது. 'குட்' அந்த உறுதியைத் தருவதில்லை. 'ஷி குட் ஸ்விம்' என்பது அவளுக்கு நீந்தும் ஆற்றல் இருந்தது என்று மட்டுமே கூறும். ஒருமுறை நிகழ்ந்து நிறைவேறிய செயலுக்கு 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' என்பதே பொருத்தம். ஆகவே நிறைவேறிய ஒரு செயலைக் குறிக்கும் 'முடிந்தது' என்பதற்கு 'வாஸ் ஏபிள் டு' என்பதையும், பொதுவான கடந்தகால ஆற்றலைக் குறிக்கும் 'நீந்தத் தெரிந்திருந்தது', 'நீந்த முடியும் என்ற நிலை இருந்தது' போன்றவற்றுக்குக் 'குட்' என்பதையும் இணைத்துக் கற்பிப்பது ஏற்றது. எதிர்மறையில் இவ்வேறுபாடு மறைகிறது. 'திறக்க முடியவில்லை' என்பதற்குக் 'குட் நாட் ஓபன்' தடையின்றிப் பொருந்தும். ஆற்றல் இல்லையெனில் செயலும் இல்லை என்பதால் இங்கே பிரிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

'மாட்டேன்' என்பதும் 'வோண்ட்' என்பதும்

பழைய தமிழில் 'மாட்டாமை' இயலாமையைக் குறித்தது. இன்று 'மாட்டேன்' என்பது மறுப்பைக் குறிக்கிறது. ஆங்கில 'வில்' விருப்பத்தில் தொடங்கி எதிர்காலத்துக்கு வந்தது. அதன் எதிர்மறையில் மட்டும் பழைய விருப்பத்தின் சாயல் மறுப்பாக எஞ்சியுள்ளது. உயர்திணைக்கு 'வர மாட்டான்' என்றும் அஃறிணைக்கு 'வராது' என்றும் தமிழ் பிரிப்பதை ஆங்கிலம் 'வோண்ட்' என்ற ஒன்றாலேயே முடித்துக்கொள்கிறது. ஆனால் பிடிவாதமான பொருளைப் பற்றிப் பேசும்போது தமிழ்ப் பேச்சுவழக்கு அஃறிணைக்கும் வாய் கொடுத்துவிடுகிறது: 'கதவு திறக்க மாட்டேன் என்கிறது.' 'த டோர் வோண்ட் ஓபன்' என்பதன் சுவை முழுவதும் இதில் உள்ளது. 'கதவு திறக்காது' என்று பெயர்த்தால் அச்சுவை கெடும்.

சட்டத்தமிழில் இதன் விளைவு

துணைவினையின் பொருள் வகுப்பறைக்கு வெளியே எவ்வளவு எடை பெறுகிறது என்பதற்குச் சட்டமொழி தக்க சான்று. சட்ட வாசகத்தில் 'ஷால்' கட்டாயத்தையும் 'மே' விருப்புரிமையையும் குறிப்பதாகக் கொள்வது பொதுவழக்கு. சட்டத்தமிழில் 'ஷால்' என்பது '–தல் வேண்டும்' என்றும், 'மே' என்பது '–லாம்' என்றும் பெயர்க்கப்படுகின்றன. ஆனால் சொல்லை மட்டும் கொண்டு கட்டாயத்தை முடிவு செய்ய இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசு – மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் 1957ஆம் ஆண்டு காட்டியது. அரசமைப்புச் சட்டத்தின் 320(3) ஆம் கூறு, பணியாளர் தொடர்பான சில பொருள்களில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றி 'ஷால்' என்றே கூறுகிறது. எனினும் அது வழிகாட்டும் தன்மையதே, மீறினால் நடவடிக்கை செல்லாதாகும் அளவுக்குக் கட்டாயமானதன்று என்று நீதிமன்றம் கொண்டது.

உடன்பாட்டிலேயே இவ்வளவு விவாதத்துக்கு இடமிருக்கும்போது எதிர்மறையில் மொழிபெயர்ப்பாளர் மேலும் கவனம் கொள்ள வேண்டும். 'ஷால் நாட்' என்பது 'மஸ்ட் நாட்' போலத் தடை. அதற்கு நேரானது 'கூடாது' அல்லது '–தல் ஆகாது'. 'ஷால் நாட் பி ரிக்வயர்ட் டு' என்று வரும்போது மறுக்கப்படுவது கட்டாயம். அதற்கு நேரானது 'வேண்டியதில்லை'. இவ்விரண்டுக்கும் 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லைப் பொதுவாக ஆள்வதை விதிகள், சுற்றறிக்கைகள், படிவங்கள் ஆகியவற்றில் முற்றிலும் தவிர்க்கலாம். 'சான்றிதழின் மூலப்படியை இணைக்க வேண்டாம்' என்று ஒரு விண்ணப்பப் படிவம் கூறினால், இணைத்தவரின் விண்ணப்பம் தள்ளப்படுமா, வெறுமனே திருப்பித் தரப்படுமா என்பது படிப்பவருக்குத் தெரிவதில்லை. 'இணைக்கக் கூடாது' அல்லது 'இணைக்க வேண்டியதில்லை' என்று எழுதிவிட்டால் அந்த ஐயம் எழாது.